ஏற்றம் பதினொன்று இருபதுக்கு

நகராட்சி அலுவலகத்தில் எனக்கு மூன்று வேலை:
இறப்புச் சான்று, நாய் உரிமம்,
கோடை விழாக்களின் சுவரொட்டி.
மூன்றிலும் தேதி தவறக்கூடாது.

தவறவில்லை, தேதி.
நேரம்தான்.

ஜூன் இருபத்து மூன்று, சான் ஷோவான் இரவு.
கடற்கரை மணலில் பெருந்தீ.
இலவச மத்தி, ஆளுக்கு ஆறு.
இரவு பதினோரு மணி.

மை காயாத இருநூறு தாள்களை
மேசையில் போட்டுவிட்டுப் போனான் அச்சகத்துப் பையன்.
முதலில் படித்தவள் தெல்மீரா.
சிப்பி பொறுக்குகிறவள்,
ஏதோ கடிதத்துக்கு முத்திரை வாங்க வந்தவள்,
ரப்பர் காலணி தரையெல்லாம் சொட்ட
நின்றபடியே கேட்டாள்:
"தீயைக் கடலுக்குள்ளேயா மூட்டப்போகிறாய், பெனீக்னோ?"

அன்றைக்கு ஏற்றம் பதினொன்று இருபதுக்கு.
எந்த அட்டவணையையும் அவள் பார்க்கவில்லை.
இடது முழங்காலைத் தட்டிச் சொன்னாள்,
அதிலே அச்சடித்திருப்பதுபோல.

விழாக் குழு கூடியது.
ஒன்பது மணி என்றார் ஒருவர்.
ஜூனில் இங்கே ஒன்பதுக்கு வெயில்,
வெயிலில் எரிகிற தீயை யார் பார்ப்பது?
ஏலக்கூடத்து முற்றம்?
தார் உருகும் என்றார் துறைமுக அதிகாரி.
கால்பந்துத் திடலா, வாயைத் திறக்காதே,
இப்போதுதான் புல் பிடித்திருக்கிறது.
பேச்சு எப்படியோ மோதுகார்க்காரன்
போன வருடம் கட்டாமல் போன
மின்கட்டணத்துக்கு வந்து நின்றது.

நான் மற்ற வரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜூலை பதினாறு, கார்மென் மாதா படகு ஊர்வலம்.
வாந்தி வருகிறவர்கள்
கரையிலிருந்தே கும்பிடலாம்
(இந்த வரியைப் பாதிரியார் அடித்துவிட்டார்).
ஜூலை கடைசி சனி, பெண்கள் துடுப்புப் போட்டி.
ஆகஸ்ட் முழுக்க, வெள்ளிதோறும்,
ஐஸ் ஃபாக்டரிச் சுவரில் சினிமா.
அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு,
இரவு ஷிஃப்டில் விளக்கெரியும்.
எந்தக் கதாநாயகிக்கும் கன்னத்தில் ஒரு ஜன்னல்,
சில நேரம் அதில் ஓர் ஆள்
சாண்ட்விச் தின்றபடி எங்களைப் பார்ப்பான்.
ஆகஸ்ட் பதினைந்து, பேய்க்கணவாய் விருந்து,
பிறகு நடனம்:
லாரியே மேடையாக விரிகிற இசைக்குழு,
முன்பணம் பாதி கொடுத்தாயிற்று.

"இரண்டு மணி" என்றாள் தெல்மீரா.
குழுவில் அவள் இல்லை,
கதவருகே இன்னும் முத்திரைக்குக் காத்திருந்தாள்.
"பின்னிரவு இரண்டு. மணல் வெளியே வந்திருக்கும்."
பிள்ளைகள்? மாலையில் தூங்கட்டும்.
நாங்கள்? நீங்கள் எந்தக் காலத்தில் தூங்கினீர்கள்?

அவள் போனபிறகுதான் கணக்குப் போட்டேன்.
எங்கள் துறைமுகத்தின் வாயில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது,
பெரிய படகு ஏற்றத்தில்தான் உள்ளே வரும்.
கிரான் சோலிலிருந்து
"நோவா சிப்ரியானா" திரும்புகிற தேதி
பின்னால் பலகையில் இருக்கிறது, இருபத்து மூன்று.
கட்டி நிறுத்த, பெட்டி இறக்க,
குளிக்க, சட்டை மாற்ற
இரண்டரை மணி நேரம்.
ஒன்பது வருடமாக
அந்தப் பதினோரு பேரும்
ஒரு சான் ஷோவான் தீயையும் தாண்டியதில்லை.
அவர்களில் ஒருவன் பெயர் உஷீயோ.
அவள் வாங்கவந்த முத்திரை
அவனோடு திருமணம் செய்யும் விண்ணப்பத்துக்கா
அவனிடமிருந்து விலகும் விண்ணப்பத்துக்கா
என்பது எனக்குத் தெரியும்.
சொல்ல எனக்கு உரிமையில்லை.

இருநூறு தாளிலும் கறுப்பு மார்க்கரால்
பதினொன்றை அடித்து இரண்டு எழுதினேன்.
எழுபதாவதுக்குமேல் கையெழுத்து கோணியது.
ரொட்டிக்கடைக் கதவில் ஒட்டியதன் அடியில்
மறுநாளே யாரோ பென்சிலில் சேர்த்திருந்தார்கள்:
"முழங்கால் அனுமதித்தால்."

மழை வந்தால் எங்கே என்று
தொலைபேசியில் கேட்கிறார்கள்.
இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
விறகு வரத் தொடங்கிவிட்டது:
உடைந்த மேசை, மிதவைக் கூண்டுப் பலகை,
யார் வீட்டிலிருந்தோ
ஒரு முழு இரட்டைக் கட்டில்.